கேன்வாவில் கிடைக்காத டிசைன்... இலஞ்சியைச் சுற்றிக் கிடைக்கிறது!

*கிராஃபிக் டிசைன் செய்யும் இளைஞர்களுக்குக் குற்றாலச் சாரலிலிருந்து கோவில்பட்டி காலண்டர் வரை ஒரு ஐடியா பயணம்*

உங்கள் வாட்ஸ்அப்புக்குக் கடைசியாக வந்த மூன்று திருமண அழைப்பிதழ்களைத் திறந்து பாருங்கள். வாட்டர் கலரில் நனைந்த ரோஜா, தங்க நிறத்தில் ஒரு வட்டம், நடுவே வளைந்து நெளியும் ஆங்கில எழுத்தில் மணமக்கள் பெயர். மணமக்கள் வேறு, மண்டபம் வேறு, ஊர் வேறு. டிசைன் மட்டும் ஒன்றே!

இதற்கு டிசைனரை மட்டும் குறை சொல்ல முடியாது. “இதே மாதிரி வேணும்” என்று போனில் ஒரு படத்தை நீட்டுகிறார் கிளையன்ட். நாளைக்குள் முடித்தாக வேண்டும். பின்ட்ரெஸ்ட்டில் தேடினால் ஆயிரம் மாதிரி வருகிறது. ஒன்றை எடுத்து, பெயரை மாற்றி, அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால், அந்த வேலையை இப்போது கிளையன்ட்டே செய்துகொள்ள முடிகிறது. கேன்வாவில் டெம்ப்ளேட் இலவசம். நாலு வரி எழுதிக் கொடுத்தால் ஏஐ செயலி படம் போட்டுத் தருகிறது. அப்படியென்றால், ஊரில் லேப்டாப் வைத்துக்கொண்டு டிசைன் செய்து பிழைக்கும் இளைஞருக்கு என்ன மிச்சம்? செயலிக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது அவர் ஊர்.

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே, சிற்றாற்றங்கரையில் இருக்கிறது இலஞ்சி. 2011-ல் ஸோஹோ நிறுவனம் பக்கத்திலுள்ள மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தபிறகு, கணினி வேலை என்றாலே சென்னை பஸ் ஏற வேண்டும் என்ற நிலைமை இந்தப் பக்கம் கொஞ்சம் மாறியிருக்கிறது. வேலை ஊருக்கு வந்துவிட்டது. ஐடியாவை மட்டும் ஏன் வெளியில் தேட வேண்டும்? இலஞ்சியிலிருந்து ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினால் என்னவெல்லாம் கிடைக்கும் என்று பார்க்கலாம்.

பெயரிலேயே ஒரு பூ

‘இலஞ்சி’ என்ற சொல்லுக்கு மகிழ மரம் என்று ஒரு பொருள், நீர்நிலை என்று இன்னொரு பொருள். மகிழம்பூவைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது விரல் நுனி அளவே உள்ள சின்னப் பூ. ஆனால், சக்கரம் போல நுணுக்கமாக வெட்டிய இதழ்கள். காய்ந்த பிறகும் வாசம் போகாது. ஒரு வட்டத்துக்குள் அடக்கினால் அழகான முத்திரை. வரிசையாக அடுக்கினால் அழைப்பிதழுக்கு பார்டர். வாட்டர் கலர் ரோஜாவுக்கு மாற்று, ஊரின் பெயரிலேயே காத்திருக்கிறது.

இலஞ்சிக் குமாரர் கோயிலுக்கு அருணகிரிநாதர் திருப்புகழ் பாடியிருக்கிறார். பக்கத்து ஊரான மேலகரத்தில் வாழ்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். 18-ம் நூற்றாண்டில் அவர் எழுதிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் கதைக்களம், அவர் தினமும் நிமிர்ந்து பார்த்த மலைதான். அருவி, குரங்கு, தேன், சாரல் எல்லாம் வாசலில் கிடைத்த சரக்கு. அந்தப் பாட்டுக்காக மதுரை நாயக்க மன்னர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த இடத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர். உள்ளூர்ச் சரக்கை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் அது பழைய பதில்!

சித்திர சபை: சுவரே ஒரு ஸ்டோரிபோர்டு

நடராஜருக்கு ஐந்து சபைகள். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் ரத்தினம், திருநெல்வேலியில் தாமிரம். ஐந்தாவது குற்றாலத்தில். இங்கே அவர் சிலையாக இல்லை, ஓவியமாகவே வழிபடப்படுகிறார். அதனால்தான் இது சித்திர சபை. ஒரு படத்துக்குத் தீபாராதனை நடக்கும் இடத்தை விடவா, படம் வரைபவர்களுக்குப் பொருத்தமான இடம் வேண்டும்? மார்கழித் திருவாதிரை விழாவில் இந்தச் சபையில் நடக்கும் தாண்டவ தீபாராதனையைப் பார்க்கக் கூட்டம் கூடும்.

குற்றாலநாதர் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில், முன்னால் தெப்பக்குளத்துடன் தனியாக நிற்கிறது இந்த மண்டபம். அருவிக்கு வரும் கூட்டத்தில் பலர் இதைத் தாண்டியே போய்விடுகிறார்கள். உள்ளே சுவர்களில் புராணக் காட்சிகள். டிசைன் கண்ணோடு பார்ப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். முதலாவது, எத்தனை வண்ணங்கள் என்று எண்ணுவது. கணினியில் கோடிக்கணக்கான நிறங்கள் இருந்தும் திணறுகிறோம். பழைய ஓவியர், கையில் இருந்த சில வண்ணங்களை வைத்தே ஒரு சுவரை நிரப்பியிருக்கிறார். இரண்டாவது, கூட்டத்துக்கு நடுவே முக்கியமான ஆள் யார் என்பதை எப்படிக் காட்டுகிறார் என்பது. உருவத்தின் அளவாலா, நிறத்தாலா, சுற்றிலும் விட்ட இடத்தாலா? மூன்றாவது, ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி எங்கே தொடங்குகிறது என்பது. இன்ஸ்டாகிராமில் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்கும் பதிவுகளைச் செய்பவர்களுக்கு இது நேரடிப் பாடம்.

படம் எடுக்க அனுமதி உண்டா என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். சொல்லப்போனால், போனில் எடுத்ததை விட நோட்டில் கிறுக்கியதுதான் மனதில் நிற்கும்.

தென்காசிக் கோபுரம்: தூரத்தில் ஒன்று, பக்கத்தில் இன்னொன்று

பராக்கிரம பாண்டியன் 15-ம் நூற்றாண்டில் கட்டியது தென்காசி காசி விஸ்வநாதர் கோயில். இதன் ராஜகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. ஒன்பது நிலைகளோடு, சுமார் 180 அடி உயரத்துக்கு மீண்டும் எழுப்பி, 1990-ல் குடமுழுக்கு நடத்தினார்கள். இந்தக் கோயிலைப் பிற்காலத்தில் பழுதுபார்த்துக் காப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் காலில் விழுந்து வணங்குவதாகப் பராக்கிரம பாண்டியன் கல்வெட்டில் சொல்லிவைத்திருக்கிறான். ஃபைலை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, ‘இதைக் கெடுக்காதீர்கள்’ என்று மனதுக்குள் வேண்டிக்கொள்ளும் ஒவ்வொரு டிசைனருக்கும் அந்த மன்னனின் கவலை புரியும்!

ஊருக்கு வெளியே நின்று பார்த்தால் கோபுரம் ஒரு கோட்டுருவம். தெருவில் நின்று பார்த்தால் அடுக்குகள். வாசலில் நின்று அண்ணாந்தால் பொம்மைகள். உள்ளே தூண்களில் ரதி, மன்மதன், வீரபத்திரர் சிற்பங்களின் நகமும் நகையும் தனித்தனியாகத் தெரியும். லோகோ செய்பவர்கள் சந்திக்கும் சிக்கலும் இதுதான். கடைப் பலகையில் பத்து அடியில் தெரியும் லோகோ, போன் திரையில் பொட்டு அளவுக்குச் சுருங்கும்போதும் அடையாளம் தெரிய வேண்டும். தூரத்தில் என்ன மிஞ்சுகிறதோ, அதுதான் வடிவத்தின் உயிர். மற்றதெல்லாம் பக்கத்தில் வந்து பார்ப்பவருக்கான பரிசு.

சாரல், சூரியகாந்தி, ‘அந்நியன்’ பாறை

குற்றாலத்துக்கு சீசன் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அந்த நாள்களில் காலையில் மலை சாம்பல், மதியம் நீலம், சாயங்காலம் கிட்டத்தட்டக் கறுப்பு. வயலில் நாற்றின் பச்சை வேறு, நட்ட பயிரின் பச்சை வேறு. ஒரு வாரம் தினமும் ஒரே இடத்திலிருந்து ஒரே மணிக்கு ஒரு படம் எடுத்து, அதிலிருந்து ஐந்து நிறங்களைப் பிரித்து வைத்தால், கையில் முப்பத்தைந்து நிறங்கள். எந்தச் செயலியும் விற்காத வண்ணப் பெட்டி அது.

சுந்தரபாண்டியபுரம் பக்கம் போனால் சீசனில் சூரியகாந்தி வயல்கள். பூவோடு படம் எடுக்கக் கேரளாவிலிருந்தே குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இதே ஊரில்தான் ‘அந்நியன்’ பாறையும் இருக்கிறது. 2005-ல் வெளிவந்த ஷங்கரின் படத்துக்காக, கலை இயக்குநர் சாபு சிரிலின் குழு இங்கிருந்த பாறையில் சினிமா நட்சத்திரங்களின் முகங்களைத் தீட்டியது. பாடல் திரையில் சில நிமிடம்தான். பாறைக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு டிசைன், இடத்தின் பெயரையே மாற்றும் என்பதற்கு உள்ளூர் உதாரணம்.

கழுகுமலை: முடிக்காமல் விட்ட வேலை

சங்கரன்கோவில் வழியாகக் கோவில்பட்டிக்குப் போகும் சாலையில் கழுகுமலை. இங்கே ஒரே பாறையில் குடைந்த வெட்டுவான் கோவில், 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மேலே விமானம் முழு அழகில் இருக்கிறது. கீழே போகப் போக வேலை முடியாமல் நிற்கிறது.

முடிந்த சிற்பம் அழகைக் காட்டும். முடியாத சிற்பம் வேலை நடந்த விதத்தைக் காட்டும். எதை முதலில் தொட்டார்கள், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள் என்பது பாறையிலேயே தெரிகிறது. தப்பாக ஒரு அடி விழுந்தால் ‘அன்டூ’ கிடையாது. அதனால், உளி எடுக்கும் முன்பே முழுக் கோயிலும் மனதில் இருந்திருக்க வேண்டும். சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன் காகிதத்தில் வரைந்து பார்க்கச் சொல்லும் ஆசிரியர்கள், மாணவர்களை ஒருமுறை இங்கே அழைத்து வரலாம்.

கோவில்பட்டி: காலண்டர் சாமிகள் பிறந்த ஸ்டூடியோ

“ஐடியா எங்கிருந்து வருகிறது?” என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் கிடைக்கும் முழுமையான பதில், சி. கொண்டையராஜு. தமிழ்நாட்டுப் பூஜை அறைகளில் ஒரு காலத்தில் தொங்கிய லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்களில் முதன்மையானவர். அன்றைக்கு ‘கிராஃபிக் டிசைனர்’ என்ற சொல் இங்கே புழக்கத்தில் இல்லை. ஆனால், அவர் செய்தது அந்த வேலைதான். வாடிக்கையாளருக்காகப் படம் வரைவது, அது அச்சில் எப்படி விழும் என்று யோசிப்பது, கம்பெனி பெயருக்கு இடம் விடுவது.

1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். அங்கே கிடைத்தது மேல்நாட்டு முறைப் பயிற்சி: ஒளி, நிழல், உடலின் அளவு. பிறகு திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம். அடுத்து நாடகக் கம்பெனியில் திரைச்சீலை வரையும் வேலை. அந்தக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனவர், 1940-களில் கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அங்கே தேவி ஆர்ட் ஸ்டூடியோ உருவானது. பக்கத்தில் சிவகாசி. அங்கே அச்சு இயந்திரங்கள் படத்துக்காகக் காத்திருந்தன.

இப்போது அவர் பாணியில் வந்த காலண்டர் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சாமி நடுவில், நம்மை நேராகப் பார்த்தபடி நிற்கிறார். இருபுறமும் தூண்கள், மேலே திரை. பின்னால் அரண்மனைத் தோட்டம், அதற்குப் பின்னால் ஆறு, தொலைவில் மலை. இது நாடக மேடையேதான்! திரைச்சீலை வரைந்த கை, காலண்டரிலும் மேடை போட்டிருக்கிறது. ஓவியப் பள்ளியில் கற்ற ஒளியும் நிழலும் சாமியின் கன்னத்தில் இருக்கிறது. நகையும் ஆயுதமும் நிற்கும் நிலையும் கோயில் சிற்பத்திலிருந்து வருகிறது. அன்றைக்கு வீடு வீடாகப் பரவியிருந்த ரவிவர்மா அச்சுப் படங்களின் சாயலும் உண்டு. நாலு ஊற்று, ஒரு கிணறு.

கவனிக்க வேண்டியது இது: இவற்றில் எதையும் அவர் ‘இன்ஸ்பிரேஷன்’ தேடிப் போய்ப் பிடிக்கவில்லை. படித்த படிப்பு, பிழைப்புக்காகச் செய்த வேலை, கும்பிட்ட கோயில் என வாழ்க்கையில் ஏற்கெனவே இருந்தவைதான். அவற்றை ஒன்றாகக் கலந்ததுதான் அவர் சொந்தச் சரக்கு.

இன்னொரு பாடமும் உண்டு. டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் என்று அவரிடம் பயின்ற சீடர்கள் பலர், பின்னாளில் பெயர் பெற்ற ஓவியர்கள். குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்கள் உண்டு. ஜூனியர் செய்த வேலையில் தன் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளும் வழக்கம் உள்ள தொழிலில், இது சின்ன விஷயமில்லை. 1976-ல் கொண்டையராஜு மறைந்தார். கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் இவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கடல் தாண்டி வந்தவர் ஆராய்ந்து எழுதிய ஆளை, பக்கத்து ஊர் டிசைனர் தெரிந்துவைத்திருப்பது நியாயம்தானே?

சிவகாசி: இரண்டு அங்குலத்தில் ஒரு போஸ்டர்

1922-ல் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்குச் சுற்றுக் காகிதம் வேண்டும். அந்தத் தேவையோடு அச்சுத்தொழிலும் அங்கே வளர்ந்தது.

தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். தீப்பெட்டிப் படம் சேர்த்து விளையாடிய கதை சொல்வார்கள். இரண்டு அங்குல அகலம்கூடத் தாண்டாத அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரே ஒரு உருவம்: மயில், கப்பல், சாவி, பூ இப்படி. இரண்டு மூன்று வண்ணம். தடித்த பார்டர். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் கடையில் “அந்த மயில் பெட்டி கொடுங்க” என்று கேட்டு வாங்க முடிய வேண்டும். வண்ணம் கூடினால் அச்சுச் செலவு கூடும் என்பதால் சிக்கனம். இன்றைக்குச் செயலிகளுக்கு ஐகான் வரைபவர்கள் பின்பற்றும் விதிகள் இவையேதான்.

எழுத்து: மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வேர்

அழைப்பிதழ்களில் தமிழ் எழுத்து எப்போதும் கடைசி நிமிட விருந்தாளி. ஆங்கிலத்துக்கு நூறு ஃபாண்ட் பார்ப்பவர்கள், தமிழுக்குக் கணினியில் முதலில் வருவதைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால், தமிழ் அச்செழுத்தின் தொடக்கமே இந்தப் பகுதிக்குப் பக்கத்தில்தான். செங்கோட்டையில் ரயிலேறினால் மலையைக் கடந்து கொல்லம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் அச்சானது அந்தக் கொல்லத்தில்தான். பதினாறே பக்கம்.

பழைய கட்டடங்களின் பெயர்ப் பலகைகளையும் விடாதீர்கள். 1978-ல் தமிழக அரசு கொண்டுவந்த சீர்திருத்தத்தில் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முந்தைய பலகைகளிலும் கல்வெட்டுகளிலும் ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் துதிக்கை போலக் கொம்பு வளைத்து நிற்கும். கடைக்குப் பழமையான தோற்றம் வேண்டும் என்று கிளையன்ட் கேட்டால், அந்த ஒரு வளைவு போதும்.

இன்னொரு விநோதமான எழுத்துப் பாடம் பத்தமடையில். தாமிரபரணிப் பக்கத்துக் கோரையை மெல்லிசாகக் கிழித்து நெய்யும் அந்தப் பாய்க்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து தருவார்கள். குறுக்கும் நெடுக்குமான இழையில் வளைவு வராது. படிப்படியாகத்தான் எழுத்தை ஏற்ற வேண்டும். கணினி வருவதற்கு முன்பே பிக்சல் எழுத்து! அழைப்பிதழில் மணமக்கள் பெயரைப் பாய் எழுத்தில் போட்டால் எப்படி இருக்கும்?

புதிதாக ஃபாண்ட் வாங்கக் காசில்லை என்ற கவலையும் வேண்டாம். இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய ‘கவிவனார்’, ‘பவனம்’ போன்ற தமிழ் ஃபாண்ட்கள் கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசம். வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம்.

ஐடியாவா, காப்பியா?

ஊற்று தேடுவதற்கும் திருடுவதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. சட்டமும் அதைச் சொல்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி, ஓர் ஓவியரின் படைப்புக்கு அவர் வாழ்நாளும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ரவிவர்மா மறைந்தது 1906-ல். அவர் படங்களை யாரும் பயன்படுத்தலாம். கொண்டையராஜு மறைந்தது 1976-ல். கணக்குப் பார்த்தால் 2036 முடியும்வரை பாதுகாப்புக் காலம். சீடரோடு சேர்ந்து வரைந்த படம் என்றால், இருவரில் கடைசியாக மறைந்தவரிலிருந்து கணக்கு. எனவே, பழைய காலண்டரை ஸ்கேன் செய்து அப்படியே போஸ்டரில் ஒட்டுவது சிக்கல். அந்த மேடை அமைப்பை, அந்த நேர்ப் பார்வையைப் புரிந்துகொண்டு சொந்தமாக வரைவதற்கு யாரும் தடை சொல்ல முடியாது.

எளிய சோதனை ஒன்று உண்டு. பார்த்ததை மூடி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து நினைவிலிருந்து வரையுங்கள். மறந்துபோனவை உதிரும். பிடித்தவை மிஞ்சும். மறந்த இடத்தை நிரப்புவது நீங்கள். அப்படி வந்தது உங்கள் டிசைன்.

ஞாயிறுக்கு ஒன்று போதும்

இத்தனையையும் ஒரே நாளில் சுற்ற வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் இடம். ஒரு நோட்டில் மூன்று பக்கம்: ஒன்றில் வடிவம், ஒன்றில் நிறம், ஒன்றில் எழுத்து. இடம், தேதி குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழைய காலண்டர், தீப்பெட்டிப் படம், கல்யாணப் பத்திரிகை இருந்தால் குப்பைக்குப் போவதற்கு முன் வாங்கி வையுங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டு, எந்தத் தேடுபொறியிலும் கிடைக்காத நூலகமாகிவிடும்.

அடுத்த முறை ஒரு கிளையன்ட் போனை நீட்டி “இதே மாதிரி வேணும்” என்றால், அவர் கேட்டதையும் செய்யுங்கள். கூடவே மகிழம்பூ பார்டரோடு இன்னொன்றையும் செய்து காட்டுங்கள். “இது நம்ம ஊர்ப் பூ” என்று ஒரு வரி சொன்னால் போதும். எதைத் தேர்ந்தெடுப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால், இரண்டாவதைச் செய்து கொடுக்க எந்த டெம்ப்ளேட்டாலும் முடியாது என்பது அவருக்கும் தெரிந்துவிடும்.

ஆடிப் பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். புதுப் படங்களுக்கான வேலை அதற்கு மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். நோட்டு நிரம்பிய டிசைனர்கள், அந்த ஆல்பத்தில் ஒரு பக்கத்தைக் குறிவைக்கலாம். இலஞ்சியிலிருந்து சிவகாசி ஒரு பஸ் பயணத் தூரம்தான்!